மீட்பு என்பது கன்ட்ரோல் இசட் இல்லை மக்களே!

முதல்லயே ஒரு டிஸ்கி: இது மதத்தைப் பற்றிய பதிவு இல்லை, கதையைப் பற்றிய பதிவு. மதச்சண்டை போட வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போகவும் :-)

கிறிஸ்தவ சரித்திர நாவல் என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. ரோமாபுரி, சிங்கம், சிலுவை, அடிமைச் சந்தை, கடைசியில் மனம் திரும்புதல். இதில் ஒரு பழைய சண்டை உண்டு. "கதை சுத்தமா இருக்கணும், வீட்டுல எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்பது ஒரு கோஷ்டி. "அட போங்கப்பா, ரத்தமும் சேறும் இருந்தாத்தான் அது நிஜம்" என்பது இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் தப்பான இடத்தில் நின்று குஸ்தி போடுகிறார்கள் என்பது என் கட்சி.

சுத்தக் கோஷ்டியை முதலில் பார்ப்போம். கெட்ட வார்த்தை கூடாது, படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கணும் என்பார்கள். ஆதாரத்துக்குப் பிலிப்பியர் 4:8-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எவற்றையெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று பவுல் போடும் பட்டியல் அது. சரி, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமா எண்ணிப் பாருங்க சார். முதல் இடம் உண்மைக்கு. கற்பு நாலாவதாகத்தான் வருகிறது. தவிர, இவர்கள் கையில் வைத்திருக்கும் அதே புத்தகத்தில்தான் தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அந்த உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட கதையும் இருக்கிறது. அதை எழுதியவர் கதவைச் சாத்தவில்லை.

இப்போது சேறு கோஷ்டி. இவர்களின் செல்லப்பிள்ளை பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்'. 1991-ல் பொதுச் சந்தைக்கு வந்தது. பிறகு வசவு, படுக்கையறைச் சமாச்சாரம் எல்லாம் குறைக்கப்பட்டு 1997-ல் கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாக மறுபடி வந்தது. 2022-ல் சினிமாவும் ஆனது. 1850-களின் கலிஃபோர்னியா, தங்க வேட்டைக் காலம். எட்டு வயதில் விற்கப்பட்ட ஏஞ்சல் என்ற பெண், அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் மைக்கேல் ஓசியா. அவள் பட்ட கொடுமையில் ரிவர்ஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. அவளை வைத்திருந்தவன் ஒரு டாக்டரைக் கொண்டு அவளுக்கு இனிக் குழந்தையே பிறக்காதபடி செய்துவிடுகிறான். படிக்கும்போது வயிறு கலங்கும். பாராட்டுகிறேன், நக்கல் இல்லை.

ஆனா கடைசியில் என்ன ஆகிறது? அவளுக்குக் குழந்தைகள் பிறக்கின்றன. இங்கதான் எனக்குக் கடுப்பு.

இந்தக் கதைக்கு மூலம் பைபிளின் ஓசியா புத்தகம். அங்கே ஓசியா தன்னை விட்டுப் போனவளைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டு வருகிறான். விலை இருக்கிறது. அதன்பிறகு அவள் என்ன ஆனாள், சந்தோஷமாக இருந்தாளா என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு முடிக்காமல் விடத் தைரியம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் சுபம் போடாமல் தூக்கம் வருவதில்லை.

"பாவம்ப்பா, அடிபட்டவங்க படிக்கிற புத்தகம், கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையிலேயே அப்படி அடிபட்டு, உண்மையிலேயே குழந்தை இல்லாமல் போன ஒரு பெண் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது அவளிடம் என்ன சொல்கிறது? 'நிஜமா மீட்கப்பட்டிருந்தா உனக்கும் சரியாகி இருக்குமே' என்றுதான். யாருக்கு ஆறுதல் என்று சொல்லி எழுதினார்களோ அவளையே வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். அதே நாவலில் ஏஞ்சல் கணவனை விட்டுத் தனியாகப் போய், தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு வீடு நடத்தும் பகுதி இருக்கிறது. பழைய காயத்தை வைத்துக்கொண்டே அவள் அங்கே எழுந்து நிற்கிறாள். என்னைக் கேட்டால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

நம்ம பாஷையில் சொன்னால், மீட்பு என்பது கன்ட்ரோல் இசட் இல்லை. பழைய வெர்ஷன் அழியாது. நீங்கள் போடுவது ஒரு பேட்ச், அவ்வளவுதான். தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தது, குழந்தை செத்தது. ரெண்டும் ஒரே அத்தியாயம்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். போலந்துக்காரர் சியன்கியவிச் 1896-ல் முடித்த 'குவோ வாடிஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரெண்டு மீட்பு இருக்கிறது. ஹீரோ வினிசியஸ் லிஜியாவைப் பலவந்தமாக அடையப் பார்த்தவன். அவள் கை நழுவிய கோபத்தில் குலோ என்ற வயதான அடிமையை அடித்தே கொல்கிறான். பிறகு மனம் திரும்பி, சிசிலியில் அவளோடு இன்பமாக வாழ்கிறான். குலோவின் சாவு அவனை அவ்வளவாகத் துரத்துவதில்லை.

இன்னொருவன் கைலோ, காசுக்கு உளவு சொல்லும் கிரேக்கன். கிளாக்கஸ் என்ற வைத்தியரின் குடும்பத்தையே அடிமைகளாக விற்க வைத்தவன். கிளாக்கஸ் ஒருமுறை மன்னிக்கிறார். அதற்குப் பிறகும் காட்டிக்கொடுக்கிறான். நீரோவின் தோட்டத்தில் கம்பத்தில் எரிந்துகொண்டே கிளாக்கஸ் இரண்டாவது முறை மன்னிக்கும்போதுதான் கைலோ உடைகிறான். ரோமை எரித்தது நீரோதான் என்று கூட்டத்தின் நடுவில் கத்துகிறான். நாக்கைப் பிடுங்குகிறார்கள், சிலுவையில் அறைகிறார்கள். சிசிலி எல்லாம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் என் மனசில் நிற்பது ஹீரோ இல்லை, இந்த அயோக்கியன்தான்.

அடுத்து ஷூசாக்கு எண்டோவின் 'சைலன்ஸ்' (1966). நம்ம முத்துக்குளித்துறையில் வேலை செய்த சவேரியார் 1549-ல் ஜப்பானில் போய் இறங்கினார் இல்லையா, அவர் ஆரம்பித்து வைத்த சபை அடுத்த நூற்றாண்டில் நசுக்கப்பட்ட கதை. மலக்குழிக்கு மேல் தலைகீழாகத் தொங்கவிட்டு, காதுக்குப் பின்னால் கீறி, ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க வைப்பார்கள். இது சரித்திரம். ஃபெரைரா என்ற நிஜப் பாதிரியார் 1633-ல் இதில்தான் விசுவாசத்தை மறுதலித்தார். சேறு கோஷ்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எண்டோவின் பலம் அந்தக் குழி இல்லை, கிச்சிஜிரோ. திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுப்பான், திரும்பத் திரும்ப அழுதுகொண்டு பாவமன்னிப்புக்கு வருவான். கடைசி வரை திருந்தின மாதிரியே தெரியாது. பாதிரியார் ரோட்ரிகஸும் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துவிட்டு, செத்துப்போன ஒரு ஜப்பானியனின் பெயரோடு காவலில் வாழ்ந்து முடிகிறார். அங்கேயும் வந்து நிற்கிறான் கிச்சிஜிரோ. அவனுக்குச் செவி கொடுப்பதுதான் அவருக்கு மிச்சம் இருக்கிற ஊழியம். இவர்களுக்கு மீட்பு கிடைத்ததா என்று எண்டோ அடித்துச் சொல்லவில்லை. ஆனா நமக்கு மனசு கேட்காது, கிடைச்சிருக்கணுமேன்னு அடிச்சுக்கும்.

ஆக, ஒரு நாவலில் எத்தனை லிட்டர் ரத்தம் என்று அளப்பதை ரெண்டு கோஷ்டியும் விட்டுவிடலாம். மன்னிப்புக் கிடைத்த பிறகு எது சரியாகவில்லை என்று பாருங்கள். எல்லாமே சரியாகிவிட்டது என்றால் அந்த எழுத்தாளர் சேற்றை ஜிகினாவாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

கும்மி அடிக்க வருபவர்கள் வரலாம். ஆனா கைலோவைத் திட்டினா கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன் :-)