சயாமில் திருவெம்பாவை இருக்கு, சரி. நம்ம கோயில்ல?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

ரெண்டு வாரமா எங்க கோயில் வாட்ஸ்அப் குழுவுல ஒரே செய்திதான் சுத்துது. தாய்லாந்து ஓர் இந்து நாடாம், அங்கே எல்லாரும் திருவெம்பாவை பாடுறாங்களாம், தமிழா பெருமைப்படு! கீழே வரிசையா கைகூப்பு படம். நானும் ஒண்ணு போட்டேன், மறைக்கல. ஆனா பேங்காக் போய் அந்த இடத்தைப் பார்த்துட்டு வந்தவன் நான். அதுல எது உண்மை, எது மிகை, நமக்கு அதுல என்ன வேலைன்னு எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல மிகை. தாய்லாந்து இந்து நாடு இல்லை. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல பௌத்தர்கள். திருவெம்பாவையும் ஊரே கூடிப் பாடுறது இல்லை. அரசவையைச் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம் பிராமணப் பூசாரிகள், அதுக்குன்னு இருக்கிற சடங்குல ஓதுறாங்க. அவ்வளவுதான்.

ஆனா அந்த 'அவ்வளவுதான்' சாதாரண விசயம் இல்லை. பௌத்த நாட்டோட அரச சின்னம் கருடன். அரசருக்குப் பட்டம் ராமா, இப்ப இருக்கிறவர் பத்தாம் ராமா. பழைய தலைநகர் அயுத்தயா, அதாவது அயோத்தி. நுண்கலைத் துறைக்குச் சின்னம் நம்ம பிள்ளையார். சுவர்ணபூமி விமான நிலையத்துல இறங்கினா பாற்கடல் கடையற சிலை. வருசா வருசம் மே மாதத்துல அரச ஏர் பூட்டு விழா நடக்கும், அன்னைக்கு அரசாங்க விடுமுறை. காளைக்கு முன்னால நெல், சோளம், புல், தண்ணின்னு வச்சு, அது எதுல வாய் வைக்குதோ அதை வச்சு அந்த வருச விளைச்சலைச் சொல்லுவாங்க. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைக் கேட்டப்ப, நம்ம பக்கமும் ஒரு காளையை விட்டுப் பார்க்கலாமேன்னுதான் தோணுச்சு.

இப்ப திருவெம்பாவைக்கு வருவோம். பேங்காக்குல 'சாவ் சிங் சா'ன்னு ஒரு பெரிய ஊஞ்சல் கம்பம் இருக்கு. சிவப்பு நிறம், நல்ல உயரம், எல்லாம் தேக்கு. முதலாம் ராமா காலத்துல, 1784-ல் வச்சது. இப்ப நிக்கிறது 2007-ல் புதுப்பிச்சு முடிச்சது. பக்கத்துலயே தேவஸ்தான்னு வெள்ளைச் சுவர் கோயில். உள்ளே சிவன், பிள்ளையார், நாராயணன் மூணு பேருக்கும் தனித்தனி சன்னிதி. நம்ம பக்கக் கோபுரத்தை மனசுல வச்சுக்கிட்டுப் போனா ஏமாந்துடுவீங்க, அவ்வளவு எளிமையான கோயில்.

இங்கே நடக்கிற சடங்குக்குப் பேரு 'திரியம்பவாய் திரிபவாய்'. வாய்விட்டு ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவை! முதல் பாதி சிவனுக்கு. அவர் பூமிக்கு வந்து பத்து நாள் தங்குறார்னு நம்பிக்கை. அடுத்தது நாராயணனுக்கு, அஞ்சு நாள். காலமும் ஏறக்குறைய நம்ம மார்கழி, தை. நாமளும் திருவாதிரைக்கு முன்னால பத்து நாள்தானே திருவெம்பாவை பாடுறோம்? முன்னே அந்தக் கம்பத்துல ஊஞ்சல் கட்டி ஆளுங்க ஆடுவாங்க. எதிர்ல மூங்கில் நட்டு, அதுல தொங்குற காசு முடிச்சை ஆடுற வேகத்துல பல்லால கடிச்சு எடுக்கணும்! அந்த ஆட்டம் 1935-ல் நின்னு போச்சு. கோயிலுக்குள்ள நடக்கிற பூசை மட்டும் நிக்கல. மாணிக்கவாசகர் ஊஞ்சலுக்கும் 'திருப்பொன்னூசல்'னு ஒரு பதிகம் பாடியிருக்காருங்கறதை நினைச்சுக்கிட்டு அந்தக் கம்பத்துக்குக் கீழே நின்னேன். உடம்பு சிலிர்த்துப் போச்சு.

தமிழ் அங்கே எப்படிப் போச்சுன்னா, கடல் வழியா, வியாபாரிகளோட. தக்குவாபாவுல கிடைச்ச ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனி நாரணம்'ங்கற குளத்தையும் அதைப் பாதுகாக்கிற மணிக்கிராமம் வணிகக் குழுவையும் சொல்லுது. அதுக்கும் முன்னே, கிராபி பக்கம் குளோங் தோம்ல, 'பெரும்பதன் கல்'னு தமிழ்ப் பிராமியில பேரு வெட்டின ஒரு பொற்கொல்லரோட உரைகல் கிடைச்சிருக்கு.

எங்க தோட்டத்துப் பெரியவங்க கிட்ட மட்டும் 'சயாம்'னு சொன்னா முகமே மாறிடும். அவங்களுக்கு சயாம்னா கோயில் இல்லை, 1942-43 மரண ரயில். ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்கள்ல இருந்து தமிழாளுங்களைக் கூட்டிட்டுப் போய், 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வச்சான். போனவங்கள்ல பல ஆயிரம் பேர் திரும்பல. காஞ்சனபுரியில வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையா பேர் வெட்டின கல்லறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அப்படி இல்லை. அது தனியா எழுத வேண்டியது, எழுதுவேன். சயாமைப் பத்திப் பெருமை பேசுறப்ப இதையும் மறக்கக் கூடாதுன்னுதான் இங்கே சொன்னேன்.

இப்ப நான் சொல்ல வந்த விசயம். அந்தப் பூசாரிகள் ஓதுறாங்களே, அவங்களுக்கு அதோட பொருள் தெரியாது. ஏடுகள் கிரந்த எழுத்துல வந்து, பிறகு தாய் எழுத்துக்கு மாறி, உச்சரிப்பு தேய்ஞ்சு, அது மந்திரம் ஆயிடுச்சு. அவங்ககிட்ட இருந்த சமஸ்கிருத, தமிழ்ப் பாடல்களை நீலகண்ட சர்மா ஆராய்ஞ்சு, 1972-ல் புதுச்சேரியில நூலா வந்தது. அறிஞர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது தமிழ்ப் பாட்டுன்னு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல்ல எழுத்து போச்சு, பின்னாலயே பொருள் போச்சு, ஓசை மட்டும் மிஞ்சிச்சு.

போன மார்கழி, எங்க கோயில்ல. காலை அஞ்சரை மணி, பத்துப் பன்னிரண்டு பேர், அதுல பிள்ளைங்க நாலு. பிள்ளைங்க கையில நாங்க அச்சடிச்ச தாள், திருவெம்பாவை முழுக்க ரூமி எழுத்துல. நான்தான் டைப் பண்ணேன். பாடி முடிச்சதும் பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு: "அங்கிள், எல்லாப் பாட்டும் எம்பாவாய்னு முடியுதே, அப்படின்னா என்ன?"

இருபது வருசமா பாடுறேன். எனக்குப் பதில் தெரியல. "பிரசாதம் வாங்கிக்கம்மா, அப்புறம் சொல்றேன்"னு சமாளிச்சேன். வீட்டுக்குப் போய் உரைநூலைத் தேடி எடுத்தேன். 'எங்கள் பாவையே'ன்னு பொண்ணுங்க கூப்பிடறது அது. நோன்புக்கு வச்ச பாவையைச் சொல்றதாவும் உரை உண்டு. முழுசாப் படிச்சா அது எவ்வளவு கலகலப்பான பாட்டு! விடியக்காலை தோழிங்க வாசல்ல நின்னு, இன்னும் தூங்குறவளை, நேத்து என்னென்னமோ பேசினியே, இப்ப படுக்கையை விட்டு எழ மாட்டேங்கறியேன்னு கிண்டல் பண்றாங்க. நாம அதை ஏதோ துக்க வீட்டுல பாடுற மாதிரி இழுத்துப் பாடிக்கிட்டு இருக்கோம்!

குழுவுல இதைச் சொன்னப்ப ஒரு பெரியவர் சொன்னார்: "பொருள் எதுக்கு தம்பி? பக்தி இருந்தா போதும். சயாம்காரன் பொருள் தெரியாமத்தானே இத்தனை நூறு வருசம் காப்பாத்தியிருக்கான்?" ஐயா மேல மரியாதை உண்டு. அவர் சொல்றதுல பாதி உண்மையும் உண்டு. ஓசையாவது இருந்ததால்தான் பின்னால வந்தவன் பொருளைத் தேட முடிஞ்சது. ஆனா அவங்களுக்கும் தமிழுக்கும் நடுவுல கடல் இருந்துச்சு, சொல்லிக் குடுக்க ஆள் இல்லை. எங்க கோயில்ல இருந்து தமிழ்ப்பள்ளி மோட்டார்ல அஞ்சு நிமிசம். நாம என்ன சாக்கு சொல்றது?

ரூமித் தாளைக் கிழிச்சுப் போடச் சொல்லல. தேசியப் பள்ளிக்குப் போற பிள்ளைங்க நிறைய, என் சின்னவனும் அதுல ஒருத்தன். எழுத்து தெரியலன்னு பிள்ளையைக் கோயிலை விட்டு விரட்டினா அது பாவம். என் யோசனை இதுதான்: மேலே பெரிய எழுத்துல தமிழ், கீழே சின்னதா ரூமி, பக்கத்துல நாலு வரியில பேச்சுத் தமிழ்ல பொருள். பாடுறதுக்கு முன்னால ஒருத்தர் எழுந்து அந்தப் பொருளை ரெண்டு நிமிசம் சொல்லணும். பிள்ளைங்களே சொன்னா இன்னும் நல்லது.

அச்சுக் கூலி நான் பார்த்துக்கறேன். மொத்தம் இருபது பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் பொருள் எழுதித் தரணும். இதுவரைக்கும் பேர் குடுத்தது ஏழு பேர். முதல் பாட்டை அந்தப் பொண்ணு எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிற பாட்டு எண்ணைக் கீழே போட்டிருக்கேன், வேணுங்கறவங்க பேர் குடுங்க.