டி.சி. வாங்குவது ஓடிப்போவதல்ல

போன மாசம் கவுண்டருக்கு முன்னால் ஒரு தம்பி வந்து நின்றான். பி.எஸ்சி. முதல் வருஷம். நம் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவன்தான். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தேன், ஸ்காலர்ஷிப் ஏறியிருந்தது. அதைப் பார்க்காமலேயே, 'அண்ணே, இந்தக் காலேஜை விட்டுடலாம்னு இருக்கேன்' என்றான்.

டீக்கடையில் வைத்துக் காரணம் சொன்னான். லேபில் அவனோடு ஜோடி சேர யாரும் வருவதில்லை. துறைத்தலைவர் வகுப்புக்குள் நுழைந்து, 'ஸ்காலர்ஷிப் கேஸெல்லாம் எந்திரி' என்கிறார். எந்திரித்தால் யார் யார் சேரி என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அதுக்குத்தான் எந்திரிக்கச் சொல்வதே.

அவன் அப்பா, 'பொறுத்துக்கடா, இன்னும் ரெண்டு வருஷம்தானே' என்றிருக்கிறார். நம் இயக்கத் தோழர் ஒருவர், 'ஓடக்கூடாது, உள்ள நின்னு போராடு' என்றிருக்கிறார். அப்பாவைப் புரிந்துகொள்ள முடிகிறது. தோழரிடம்தான் எனக்குச் சண்டை. பதினெட்டு வயசுப் பையனைத் தனியாளாய் அந்த வகுப்பில் நிறுத்திவிட்டு வெளியே நாம் மேடை போடுவதற்குப் பேர் போராட்டமா? ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவுக்கு அமைப்பு இருந்தது, தோழர்கள் இருந்தார்கள். அப்படியும் 2016 ஜனவரி 17 வந்தது. அப்புறம் போஸ்டர் அடித்தோம். நானும் கவிதை எழுதினேன்.

அம்பேத்கரும் படிப்பைப் பாதியில் விட்டவர்தான். 1917-ல் பரோடா உதவித்தொகை தீர்ந்தது, லண்டனை விட்டுக் கிளம்பினார். ஆனால் நாலு வருஷத்துக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். 1920-ல் திரும்பிப் போனார், 1923-ல் டி.எஸ்சி. முடித்தார். போகும்போதே திரும்ப வருவதற்கான கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன மனுசன்.

எனக்கு அந்தப் புத்தி இல்லை. ஒரு கோபத்தில் நவம்பர் மாசம் டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எந்தக் காலேஜும் நடுவருஷத்தில் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் சித்தப்பாவோடு பெயிண்ட் வேலை. அந்த வருஷம்தான் நான் கவிஞனானேன் என்று நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். அம்மா கட்டிய வட்டி அவர்களுக்குத் தெரியாது.

அதனால் தம்பிக்குச் சொன்னேன்: புது இடம் கைக்கு வராமல் டி.சி. கேட்காதே. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவது கொஞ்சம் லேசு. வேறு பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் ஒத்துவராது, விட்டுப்போன தாள்களைக் கூடுதலாக எழுதவேண்டி வரும். எந்தெந்தத் தாள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கு. வருஷத்தின் நடுவில் படிப்பை விட்டால் அந்த வருஷத்து ஸ்காலர்ஷிப்பைத் திருப்பிக் கேட்க அரசுக்கு விதி இருக்கிறது, ஆகவே பரீட்சை முடித்துவிட்டு நகரு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்தது. அந்தத் தாளின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போ. போகிற காலேஜ் மட்டும் சொர்க்கமா என்ன? முதலில் அங்கே விடுதிக்குப் போய் நம்ம பிள்ளைகளோடு ஒருவேளை சாப்பிட்டுப் பார். துறைத்தலைவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று அவர்களிடம் கேள்.

அப்படியானால் அந்தத் துறைத்தலைவரை விட்டுவிடுவதா? விடக்கூடாது. சாதிப் பாகுபாட்டை விசாரிக்கக் கல்லூரிகளில் ஓர் அலுவலர் வேண்டும் என்று யுஜிசி 2012-லேயே விதிமுறை கொண்டுவந்தது. புகார் அவரிடம் போகட்டும், முத்திரை குத்திய நகல் நம் கைக்கு வரட்டும். ஆனால் டி.சி.யில் நடத்தை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பும் பேனா அவர்கள் கையில். டி.சி. தம்பி கைக்கு வந்த அதே நாள், புகாரை எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டியது நாம். படிக்கிற வேலை அவனுக்கு, போராடுகிற வேலை நமக்கு.

ஏப்ரல் பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறான். புகார்க் கடிதம் தயார், நாலு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. உள்ளே நின்று போராடச் சொன்ன தோழரிடமும் நீட்டினேன். படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போயிருக்கிறார்.