செஸ் கிளாஸ்: ஆன்லைனா, நேரிலா? தாம்பரம் பக்கத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் சென்னைப் பையன் குகேஷ். நம்ம பிள்ளையையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கத்தில் இருப்பவர்களுக்கு உடனே வரும் அடுத்த கேள்வி: சாயங்காலம் ஆறு மணி ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவா, வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்துவிடவா?

குகேஷ் செஸ் கற்றது 2013-ல், ஏழு வயதில், படித்த பள்ளியிலேயே. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேர வகுப்பு. அவ்வளவுதான். 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், விஸ்வநாதன் ஆனந்தின் அகாடமி தொடங்கியபோது அதில் சேர்ந்த ஐந்து பேரில் குகேஷும் ஒருவர். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் இருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது என்றால், எல்லோரும் ஏற்கெனவே சர்வதேசப் போட்டிகளில் ஊறியவர்கள். யுகேஜி பிள்ளைக்கு அதே கணக்கு பொருந்தாது.

ஏன்? போர்டில் ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் எழுத வேண்டும். எதிரே இருப்பவர் முறைத்தாலும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இதெல்லாம் திரையில் பழகாது. ஆப்பில் 1500 ரேட்டிங் வைத்திருக்கும் பிள்ளை முதல் டோர்னமென்ட்டில் அழுதுகொண்டே வெளியே வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது வேறு, ஃபிடே ரேட்டிங் வேறு.

இன்னொரு சிக்கல், பக்கத்து டேபிலேயே விடை சொல்லும் இன்ஜின். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை பெரும்பாலும் இன்ஜினை நெருங்கவிடவில்லை. வீட்டில் தனியாக லேப்டாப்புடன் இருக்கும் எட்டு வயதுக்காரரை யார் தடுப்பது?

அதனால் தொடக்கத்துக்கு, நடந்து போகும் தூரத்தில் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஆடும் சாதாரண வகுப்பே போதும். அடையாறில் பெரிய கோச் இருக்கிறார் என்று ஒன்றரை மணி நேரம் அலைவதைவிட இது மேல். அங்கே இருக்கும் எல்லோரையும் பிள்ளை ஜெயிக்கத் தொடங்கியதும் ஆன்லைனுக்குப் போங்கள். அப்போது தூரம் ஒரு தடையே இல்லை, வெளியூர் கோச்கூடக் கிடைப்பார்.

கோச்சின் பெயரை ஃபிடே தளத்தில் தேடினால் ரேட்டிங், பட்டம் தெரிந்துவிடும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது அதில் தெரியாது. வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டும் முன், டெமோ கிளாஸில் பிள்ளை தோற்ற ஆட்டம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ‘இதை ஏன் ஆடினாய்?’ என்று பிள்ளையிடம் கேட்கிறாரா, அவரே பேசிக்கொண்டு போகிறாரா?