போகிக் குப்பையில் ஒரு திருவிழா நோட்டீஸ்

மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளுக்காகக் கல்லூரியில் பேச வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். கறுப்பின மக்களின் தேவாலயங்கள் உரிமைப் போராட்டத்துக்கு எப்படி அடித்தளமாயின என்பது அவள் தலைப்பு. 1955இல் மாண்ட்கோமரியில் மக்கள் பேருந்தைப் புறக்கணித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தெருவில் புகை கிளம்பியது.

போகியன்று காகிதத்தைக் கொளுத்தாதீர்கள் என்று வருஷா வருஷம் இந்தப் பத்தியில் மன்றாடுகிறேன். இந்த வருஷமும் எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் பழைய பாயோடு சேர்ந்து ஒரு கட்டுக் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. குச்சியால் இழுத்துப் போட்டேன்.

"என்னா சார், குப்பைய போய்க் கிளறிக்கிட்டு?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

கையில் வந்தது ஒரு திருவிழா நோட்டீஸ். 1958ஆம் வருஷத்தியது, புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ரோஸ் காகிதம், ஓரம் கருகிவிட்டது. பத்து நாள் உற்சவத்தில் எந்த நாள் யார் உபயம், சாமி எந்தெந்தத் தெரு வழியாகப் போகும் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். ஒரு தெருவின் பேர் மட்டும் எதிலுமே இல்லை. "காலனி எங்க சார்?" என்றாள்.

மதத்தையும் உரிமையையும் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தாள்தான் மூலதனம். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1914இல் இறக்கும்வரை எழுதினார். பிறகு பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைக் கண்ணாகக் காத்தார்கள். ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தது. அயோத்திதாசர் முன்னெடுத்த தமிழ்ப் பௌத்தம் ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலைக்கான அடையாளமாக எழுந்தது என்று அலாய்சியஸ் வாதிட முடிந்ததற்கு, யார் வீட்டிலோ அந்தக் காகிதம் எரியாமல் இருந்ததுதான் காரணம்.

நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அப்படித்தான். 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்டெடுக்கும்வரை வீட்டோடு கிடந்தது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் அதில் இருக்கிறது. 1745இல், காரைக்கால் பாதிரியார் துணை நிற்க, ஒதுக்கப்பட்டவர்கள் போய் நியாயம் கேட்டது, சுவர் இடிபட்டது, மற்றவர்கள் கொதித்தது எல்லாம் இருக்கிறது. மாண்ட்கோமரிக்கு இருநூற்றுப் பத்து வருஷம் முந்திய கதை! அதை எழுதிய பிள்ளைக்கு இடித்தவர்கள்மேல் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதி வைத்தார்.

அந்தப் பெண் தலைப்பை மாற்றிக்கொண்டாள். நோட்டீஸைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, காலனியில் இருக்கும் தன் தோழியின் பாட்டியைப் பார்க்கப் போயிருக்கிறாள். 1958இல் அந்தப் பாட்டிக்குப் பதினான்கு வயது.

அக்கா இன்று காலையில் இன்னொரு கட்டைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.