மாத்தளை நிரல் எங்கே?

ஏ.எல். வெட்டுப்புள்ளி வெளியானால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தேடுவது ஒரேயொரு அட்டவணையைத்தான். இடப்பக்கம் கற்கைநெறிகள், மேலே 25 மாவட்டங்கள், உள்ளே நான்கு தசம தானங்களில் இசட் புள்ளிகள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை. ஆகவே மாத்தளைப் பிள்ளைக்கு மாத்தளை நிரல்தான் வேண்டும். பக்கத்திலிருக்கும் கண்டியின் எண்ணை வாசித்துவிட்டால் எல்லாம் போச்சு.

இந்த அட்டவணையைச் சில தமிழ்த் தளங்கள் எடுத்துப் போடுகிற லட்சணத்தைப் பாருங்கள். செய்தவரின் கொம்பியூட்டரில், அவர் வைத்திருக்கும் குரோமில், அழகாகத்தான் இருக்கும். ரத்தோட்டையில் ஒரு சின்ன போனில் திறந்தால் வேறு கதை. 'மாத்தறை'க்கு அளந்து பூட்டிய நிரல் அகலத்துக்குள் 'மட்டக்களப்பு' அடங்குமா? எழுத்து பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சிலர் போனுக்காக என்று கட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித் தலைப்பை மறைத்துவிடுகிறார்கள். 25 எண்கள் வரிசையாக நிற்கும், எது யாருடையது? ஒபேரா மினி போன்ற பிரவுசர்கள் டேட்டாவை மிச்சம் பிடிக்கப் பக்கத்தைத் தங்கள் சேர்வரிலேயே சுருக்கி அனுப்புபவை. அங்கே இந்த அலங்காரங்களில் பாதி வேலையே செய்யாது. பாமினி எழுத்துருவில் அடித்து யுனிகோடுக்கு மாற்றாமல் போட்டால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும்.

இன்னும் சோம்பேறிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போடுகிறார்கள். பெரிதாக்கினால் மங்கும். அதற்குள் 'மாத்தளை' என்று தேட முடியாது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டவும் மாட்டாது.

"கொமியுனிகேஷனுக்குப் போய் பிரிண்ட் எடுங்களேன்" என்பார்கள். ஏன் எடுக்க வேண்டும்? தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் காசு, பிரிண்ட் காசு, ஒரு நாள் பொழுது. கொழும்பில் லெப்டொப் வைத்திருக்கும் பிள்ளை இதே எண்ணை வீட்டிலிருந்தபடியே பார்க்கிறது. பிரவுசர் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வேண்டாம். பூட்டிய அகலத்தை எடுத்துவிட்டு, அட்டவணையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் பெட்டிக்குள் வைப்பதற்கு இரண்டு மூன்று வரி போதும்.

அதைவிடச் சுலபமான வழி ஒன்றுண்டு. 25 நிரலை ஏன் ஒரு திரைக்குள் திணிக்க வேண்டும்? மாவட்டத்துக்கு ஒரு பக்கம் போடுங்கள். இரண்டே நிரல்: கற்கைநெறி, வெட்டுப்புள்ளி. எந்தப் பழைய போனிலும், எந்தப் பிரவுசரிலும் அது உடையாது. பார்ப்பதற்கு பேஷனாக இருக்காதுதான், ஆனால் எண் சரியான பெயருக்கு நேரே நிற்கும்.

தளம் நடத்தும் தோழர்களே, அடுத்த முறை வெளியிடுமுன் வீட்டிலிருக்கும் ஆகப் பழைய போனில் ஒருதரம் திறந்து பாருங்கள். மாத்தளை நிரல் அங்கே தெரியவில்லையா? அப்படியென்றால் நீங்கள் அதை எங்களுக்காக வெளியிடவில்லை.