வாயில் போட்டால் மடியில் வந்துவிடுமா?

காலை ஆறரை மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நின்றால் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்கலாம். ஃபேட் குறைந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முனகுவார். பக்கத்தில் கேனோடு நிற்பவர் உடனே சொல்வார்: "தீவனத்தை ஒரு கிலோ கூட்டிப் போடுங்கண்ணா. வாயில போட்டாத்தான் மடியில வரும்." தீவனக் கடையிலும் இதே பேச்சு, மாட்டுச் சந்தையிலும் இதே பேச்சு.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் என்ற உரிமையில் இதை மறுக்கிறேன். மாடு எவ்வளவு தின்றது என்பது பாதிக் கணக்குதான். எப்படித் தின்றது, எத்தனை வேளையாகத் தின்றது, தின்றபின் படுத்து அசைபோட நேரம் கிடைத்ததா என்பதெல்லாம் மீதிக் கணக்கு. அந்த மீதியைப் பார்க்காமல் போடும் கூடுதல் கிலோ பல வீடுகளில் பாலையும் கெடுக்கிறது, மாட்டையும் கெடுக்கிறது.

அடர்தீவனமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். அதை மட்டும் தின்று பத்து லிட்டர் கறக்க எந்தக் கலப்பின மாட்டாலும் முடியாது. உடம்பைப் பராமரிக்க 1 முதல் 1.5 கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் 1 கிலோ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. அதைத் தாண்டிக் கூட்டுவதோடும், கொடுக்கிற விதத்தோடும்தான் சண்டை.

தண்ணி காட்டும் நேரத்தில் ஒரு கட்டுத்தரையில் நின்று பாருங்கள். தவிடு, ஊறவைத்த புண்ணாக்கு, மக்காச்சோள மாவு, முந்தைய நாள் சோற்றுக்கஞ்சி எல்லாம் ஒரே தொட்டியில் கரைத்து வைத்திருக்கும். மாடு மூக்குவரை முகத்தைப் புதைத்து ஒரே மூச்சில் உறிஞ்சும். மூன்று நிமிடத்தில் தொட்டியின் அடி தெரியும், சிமென்ட்டை நாக்கு சொரசொரவென்று நக்கும் சத்தம் கேட்கும். "எவ்வளவு ஆசையாக் குடிக்குது பாருங்க" என்று வீட்டம்மா பூரித்துப்போவார். அந்த மூன்று நிமிடத்தில் மாடு ஒரு தடவைகூட மெல்லவில்லை.

மெல்லாவிட்டால் என்ன? ஒரு கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் கரைந்திருப்பது ஆப்ப சோடாவில் இருக்கும் அதே சரக்கு. பெருவயிற்றில் தீவனம் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தை முறிப்பது அதுதான். தாடை எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு உமிழ்நீர். சோளத்தட்டையும் புல்லையும் மென்று, பிறகு அசைபோடும்போது வயிற்றுக்குள் ஆறாக இறங்குகிறது. கரைத்த மாவுக்கு மெல்லும் வேலையும் இல்லை, அசைபோடும் வேலையும் இல்லை. அமிலத்தைச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் உண்டாக்குவதோ அந்த மாவுதான்.

இதற்கும் ஃபேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகச் சற்று உள்ளே போகிறேன். பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் மாட்டுக்குச் சமைத்துப் போடுகின்றன. நாரைச் செரிப்பவை அசிட்டிக் அமிலத்தைத் தருகின்றன. பாலில் கொழுப்பு உருவாக அது முக்கியமான மூலப்பொருள். மாவைச் செரிப்பவை புரோப்பியோனிக் அமிலத்தைத் தருகின்றன. அது ஈரலில் குளுக்கோஸாகி, மடியில் லாக்டோஸாகி, லிட்டரைக் கூட்டுகிறது. அதனால் தீவனம் கூட்டிய முதல் சில நாள் பால் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைக் கண்டுதான் எல்லோரும் நம்பிவிடுகிறோம். பெருவயிற்றின் பி.ஹெச். அளவு ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். அது ஐந்தரையை நோக்கி இறங்க இறங்க, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிப்போகின்றன. தீவனத்தில் உள்ள எண்ணெய்ச்சத்தும் தடம் மாறி, மடியில் கொழுப்பு உருவாவதையே தடுக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலமாகி இரத்தத்தில் கலக்கிறது. கேன் நிறைகிறது, ஃபேட் விழுகிறது. விழுந்ததைப் பார்த்து இன்னொரு கிலோ கூட்டுகிறோம். சாணி இளகி, நுரைத்து, செரிக்காத மக்காச்சோளத்தோடு விழும். மாதங்கள் கழித்துக் குளம்பில் வலி வந்து மாடு காலை மாற்றி மாற்றி ஊன்றும்போது, யாரும் அந்தத் தொட்டியை நினைப்பதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். மாட்டுப் பொங்கலன்று எங்கள் செவலைக்கு ஒரு வாளி சர்க்கரைப் பொங்கலும் ஒரு சீப்புப் பழமும் ஊட்டினோம். இரவு அதன் இடது விலா புடைத்துவிட்டது. அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் வந்து சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, ஊசி போட்டு, விடியும்வரை கூடவே இருந்தார். செவலை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ஈத்தில் பால் பழையபடி ஏறவே இல்லை. பிரியத்தில்தான் ஊட்டினோம். ஒரே நாளில் அதற்கு நேர்ந்ததைத்தான் தினமும் கரைத்து ஊற்றும் கஞ்சி மெல்ல மெல்லச் செய்கிறது.

"ஹெச்.எஃப். மாட்டுக்குத் தண்ணிப்பால்தான், இனம் அப்படி" என்பது அடுத்த வாதம். ஜெர்சியைவிட அதற்குக் கொழுப்பு குறைவு என்பது மெய்தான். ஆனால் போன மாதம் நன்றாகக் கறந்த அதே மாட்டுக்கு இந்த மாதம் ஃபேட் இறங்கினால், இனமா மாறிவிட்டது? கடைசியில் வரும் கொழுத்த பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காடியைப் பாருங்கள்.

காடியில் கிடக்கும் மிச்சம் நிறையச் சொல்லும். முழநீளத் தட்டைப் போட்டு அதன்மேல் தீவனத்தைத் தூவினால், மாடு மூக்கால் உதறி உதறித் தூளை அடியில் இறக்கி நக்கிவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும். "கொழுப்பெடுத்த மாடு" என்று திட்டுகிறோம். ருசியானதைப் பொறுக்குவது மாட்டின் சுபாவம். பொறுக்க இடம் கொடுத்தது நாம். நாம் கணக்குப்போட்டு வைத்தது ஒன்று, அதன் வயிற்றுக்குள் போனது வேறு. தட்டை ஓரங்குல அளவுக்கு நறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தீவனத்தோடு பிசிறிப் போட்டால் பொறுக்க முடியாது. அதற்காகத் தூளாக அரைத்துவிடவும் கூடாது, மெல்லும் வேலையே போய்விடும். இரண்டு வேளையாகக் கொட்டுவதை நான்கு வேளையாகப் பிரித்தாலும் பொறுக்குவது குறைகிறது. தன்னிஷ்டத்துக்கு விட்டால் மாடு நாளில் பத்துத் தடவைக்குக் குறையாமல் காடிக்கு வந்து போகும் பிராணி. ஒரே காடியில் மூன்று மாட்டைக் கட்டினால் முட்டுகிற மாடு தீவனத்தைத் தின்னும், பயந்த கிடாரி விரட்டுப்படும் முன் அள்ளி விழுங்கும். இரண்டுக்கும் வயிறு கெடும்.

"கறக்கும்போது தீவனம் வைத்தால் போதும்" என்பார்கள். வையுங்கள், மாடு சாந்தமாக நிற்கும். ஆனால் புல்லில் பாதியைக் கறந்து முடித்த பிறகு போடுங்கள். காம்பின் துவாரம் கறந்ததும் மூடிக்கொள்வதில்லை, அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். காடி காலியாக இருந்தால் மாடு உடனே படுக்கும், சாணியும் மூத்திரமும் கலந்த தரையில் மடி படும். புல் இருந்தால் நின்று தின்னும். மடிநோயில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. அது வந்த மாட்டின் பாலில் லாக்டோஸும் கேசினும் குறைந்து, கொழுப்பல்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப். இறங்கும். செலவு என்று பார்த்தால், புல் போடும் நேரத்தை மாற்றுவது மட்டும்தான்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பண்ணைக்குச் சரி, மூன்று மாடு வைத்திருப்பவனுக்கு எதற்கு?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஈன்ற பிறகு கடுமையான கருப்பை அழற்சி வந்த பசுக்கள், ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காடியில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தன. காய்ச்சலும் நாற்றமும் தெரியும் முன்பே தின்னும் முறையில் நோய் தெரிந்துவிட்டது. அங்கே நூற்றுக்கணக்கான மாடுகள், ஒவ்வொன்றையும் பார்க்க ஆளில்லை; அதனால் கழுத்தில் கருவி மாட்டி அசைபோடும் நிமிடங்களை எண்ணுகிறார்கள். நம் வீட்டில் மூன்றே மாடு, அவற்றின் பெயரும் குணமும் தெரிந்த அம்மா அங்கேயே இருக்கிறார். "லட்சுமி நேத்துலேர்ந்து சரியாத் திங்கலைங்க" என்று அவர் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மாடு படுத்திருக்கும். தொண்டையில் ஒரு கவளம் மேலேறுவது கண்ணுக்கே தெரியும். அது மறுபடி கீழிறங்கும் வரை தாடை எத்தனை முறை அசைகிறது என்று எண்ணுங்கள். ஐம்பது முதல் எழுபது வரை வந்தால் வயிறு சரியாக இருக்கிறது. நாற்பதைத் தொடாமல் விழுங்கிவிட்டால், நாளைக் காலை தொட்டியில் மாவைக் குறைத்துக் காடியில் தட்டைக் கூட்டுங்கள்.