ஒரே சாயம், ஒரே முகமா?

ஐகான்கள் எனப்படும் படவுருக்களை ஒரே நிறத்தில், ஒரே பாணியில் அமைத்துக்கொள்ளும் ஆசை பெருகிவிட்டது. 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது, ‘ஷார்ட்கட்ஸ்’ செயலியின் துணையுடன் ஒவ்வொரு படவுருவாக மாற்றித் தம் முகப்புத் திரையை அழகுபடுத்தியோர் பலர். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, 2024இல் வந்த ஐஓஎஸ் 18 ஆகிய இயங்குதளங்களோ ஒரே சாயம் பூசும் வசதியைத் தாமே தந்தன.

ஒழுங்கின்மேல் எனக்கும் விருப்பமுண்டு. ஆயினும் ஒழுங்கு வேறு, ஒன்றுபோலிருத்தல் வேறு. 1984இல் வெளியான மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் வரைந்த படவுருக்களைப் பாருங்கள். 32க்கு 32 கட்டங்கள். கறுப்பு, வெள்ளை மட்டுமே. அக்கட்டுப்பாட்டுக்குள்ளும் குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டியாகவே தெரிந்தது. வெடிகுண்டு வெடிகுண்டாகவே தெரிந்தது. மாறாக, 2020இல் கூகுள் தன் ஜிமெயில், டிரைவ், காலண்டர் மூன்றுக்கும் அதே நான்கு நிறங்களைப் பூசியபோது, எது எதுவென்று தெரியவில்லை எனப் பயனர்கள் குறைப்பட்டுக்கொண்டனர்.

நல்ல கையெழுத்தில் எல்லா எழுத்துகளும் ஒரே சாயலில் இருக்கும். ஆனால் ணகரமும் னகரமும் ஒன்றோடொன்று குழம்பா. படவுருவும் ஓர் எழுத்தே. படிக்கத் தெரியாதவரும் பார்வை மங்கிய முதியவரும் அதன் நிறத்தையும் வடிவத்தையும் நம்பியே கைப்பேசியை இயக்குகின்றனர். நம் திரையை நம் விருப்பப்படி அலங்கரிப்போம்; வீட்டுப் பெரியவரின் கைப்பேசிக்குச் சாயம் பூசுமுன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.